குதிரைகள் நடந்த கரையில் சைக்கிள்கள்

துலூஸ் நகரிலிருந்து கிழக்கே கடலை நோக்கி கால்வாய்க் கரையோடு சைக்கிளில் வருகிறவர்கள், கார்க்கசான் கோட்டையைத் தாண்டிய சிறிது நேரத்தில் திகைத்துப்போவார்கள். அதுவரை தலைக்கு மேல் கூரை போட்டிருந்த நிழல் த்ரெப் ஊரை நெருங்கும்போது சட்டென்று அற்றுப்போகும். இரு கரையிலும் நூறு ஆண்டுக்கு மேல் ஓங்கி நின்ற பிளாட்டேன் மரங்கள் அங்கே இல்லை. அவை நின்ற இடத்தில் முட்டுக்கம்பு கட்டிய இளமரங்கள் நிற்கின்றன. தெற்கு பிரான்ஸின் வெயில் நேராகத் தண்ணீரில் விழுகிறது. அதே வேகத்தில் முதுகிலும் விழுகிறது.

மரங்களைத் தின்றது ஒரு பூஞ்சை. செரட்டோசிஸ்டிஸ் பிளாட்டானி என்பது அதன் பெயர். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கப் படைகள் இறக்கிய வெடிமருந்துப் பெட்டிகளின் பலகைகளில் ஒட்டிக்கொண்டு பிரான்ஸுக்குள் நுழைந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு. அறுபது ஆண்டு கழித்து, 2006-இல், த்ரெப் அருகே கால்வாய்க் கரையில் அதைக் கண்டுபிடித்தார்கள். பட்டையில் ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். நீர் ஏறும் நாளங்களை அடைக்கும். சில ஆண்டுகளில் மரம் நின்றபடியே சாகும். வரிசையாக நட்ட மரங்களின் வேர்கள் மண்ணுக்குள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் பக்கத்து மரத்துக்கும் நோய் போய்ச் சேரும். உல்லாசப் படகுகள் மரத்தில் கயிறு கட்டி நிறுத்தியதும், வேரில் உரசிப் போனதும் பரவலை இன்னும் விரைவாக்கின. மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தையும் அதன் அண்டை மரங்களையும் வெட்டி, அந்தந்த இடத்திலேயே எரிக்கிறார்கள்.

கால்வாய் ஓரத்தில் மொத்தம் 42,000 பிளாட்டேன்கள் இருந்தன. பாதிக்கும் மேல் போய்விட்டன.

அந்த இழப்பு வேதனையானது. ஆனால் மீண்டும் நடும் விதம் நம்பிக்கை தருகிறது. இம்முறை ஒரே இன மரத்தை நடவில்லை. துருக்கி ஓக்கை முதன்மையாக வைத்து, இடையிடையே மேப்பிள், லிண்டன், வெண்பாப்லர், குடைபோல் விரியும் பைன் என்று கலந்து நடுகிறார்கள். அடுத்த நோய் வந்தாலும் மொத்தக் கரையும் ஒரே அடியில் மொட்டையாகக் கூடாது என்பது கணக்கு. பழைய நிழல் திரும்ப ஒரு தலைமுறை ஆகும்.

மத்தியதரைக் கடலோர நாட்டுப்புறம் என்றதும் பயணப் பிரசுரங்கள் காட்டும் படம் ஒன்றுதான்: திராட்சைக் கொடிகள், கற்கிராமம், நீல நீர், நடுவே ஒரு சைக்கிள். யாரோ என்றைக்கோ கடவுளிடமிருந்து வாங்கி வைத்த காட்சி போல அது தோன்றும். லாங்டாக் என்று அழைக்கப்படும் இந்த நிலப்பகுதியில் மலைச் சைக்கிளை ஓட்டிப் பார்த்தால், அந்தப் படத்தில் இருப்பவற்றில் பெரும்பாலானவை கூலிக்கு உழைத்த கைகள் செய்தவை என்பது தெரியும். கால்வாய் வெட்டியது, மரம் நட்டது, கொடி ஒட்டுக்கட்டியது, பாதைக் கல்லை அடுக்கியது எல்லாம் மனிதர்கள். கைவிட்டால் பத்தே ஆண்டில் சிதையும் காட்சி இது.

உப்பு வரிக்காரரின் கனவு

கனால் து மிடி, அதாவது தெற்குக் கால்வாய், துலூஸிலிருந்து தோ உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை வெட்டிய பியேர் போல் ரிக்கே பொறியாளர் இல்லை. பெஸியே நகரில் பிறந்தவர். லாங்டாக்கில் அரசனுக்காக உப்பு வரி வசூலிக்கும் குத்தகையை எடுத்திருந்தவர். அட்லாண்டிக் பக்கமிருந்து மத்தியதரைக் கடலுக்கு ஸ்பெயினைச் சுற்றாமல், ஜிப்ரால்டரின் கொள்ளையருக்கு அஞ்சாமல், படகு போக வேண்டும் என்ற ஆசை அவருக்கு முன்பே பலருக்கு இருந்தது. தடையாக நின்றது ஒரு மேடு. துலூஸுக்கும் கார்க்கசானுக்கும் இடையில் நோரூஸ் என்னுமிடத்தில் நிலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 190 மீட்டர் உயர்கிறது. மேட்டின் ஒருபுறம் பெய்யும் மழை அட்லாண்டிக்குக்கும் மறுபுறம் பெய்வது மத்தியதரைக் கடலுக்கும் போகும். கால்வாயை மேட்டில் ஏற்றிவிடலாம். ஏற்றிய பின் அங்கே தண்ணீர் எப்படி நிற்கும்?

ரிக்கே விடையை மலையில் தேடினார். வடக்கே உள்ள கறுப்பு மலையின் ஓடைகளை வாய்க்கால்களால் ஒன்றுசேர்த்து, சேன் ஃபெரியோல் என்ற இடத்தில் ஓர் அணையில் தேக்கி, அங்கிருந்து நோரூஸ் மேட்டுக்குக் கொண்டுவந்தார். மேட்டில் இறங்கும் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரு கடலை நோக்கியும் கால்வாயை நிரப்பும். 1667-இல் தொடங்கிய அந்த மண் அணை அன்றைய ஐரோப்பாவின் மாபெரும் அணைகளில் ஒன்று. இன்றும் கால்வாய்க்கு நீர் தருகிறது. இந்தப் பயணத்தில் சிறந்த தொடக்கம் துலூஸ் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் கறுப்பு மலையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். காட்டுக்குள் மலைச் சைக்கிள் தடங்கள் இருக்கின்றன. அவற்றில் இறங்கி, ஊட்டு வாய்க்காலின் கரையைப் பிடித்தால், தண்ணீர் போகும் அதே சாய்வில் சைக்கிளும் மெல்ல உருண்டு நோரூஸ் வந்துவிடும். கால்வாயின் மூளை எங்கே இருக்கிறது என்பது அந்த வழியில்தான் புரியும்.

அரசன் பதினான்காம் லூயி 1666-இல் ஆணை தந்தான். பின்னணியில் நின்ற அமைச்சர் ழான் பத்தீஸ்த் கோல்பேர். புதுச்சேரியின் வரலாறு படித்தவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. 1664-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கி வைத்தவர் இவரே. அந்தக் கம்பெனியின் ஆட்கள் 1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றியபோது, இங்கே கால்வாய் பாதி வெட்டப்பட்டிருந்தது. வணிகத்துக்கு நீர்வழி வேண்டும் என்ற ஒரே தவிப்பு இரண்டு இடத்திலும் வேலை செய்தது.

வேலை உச்சத்தில் இருந்தபோது சுமார் 12,000 பேர் உழைத்தார்கள். ரிக்கே அவர்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்தார். மழை நாளுக்கும், ஞாயிற்றுக்கிழமைக்கும், நோயில் படுத்த நாளுக்கும் கூலி உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் அப்படி ஒரு ஏற்பாடு கேள்விப்படாதது. அறுவடைக் காலத்தில் ஆட்கள் வயலுக்கு ஓடிவிடக் கூடாது என்ற கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும் கூலி கூலிதான். கூடையில் மண் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். சமூகவியலாளர் சந்திரா முகர்ஜி 2009-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இன்னொரு படி மேலே போகிறார். பிரெனீஸ் மலையடிவாரப் பெண்கள் தங்கள் கிராமங்களில் நீரைத் திருப்பி, தேக்கி, சரிவில் இறக்கிப் பழகியவர்கள். ஏட்டில் இல்லாத அந்த அறிவு இல்லாமல் கால்வாய் நடந்திருக்காது என்பது அவர் வாதம். கரையில் ரிக்கேக்குத் தூண் இருக்கிறது, சிலை இருக்கிறது. அந்தப் பெண்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லாதது உறுத்துகிறது.

ரிக்கே தன் சொத்தையும் கடனாக வாங்கியதையும் கால்வாயில் கொட்டினார். 1680 அக்டோபரில் இறந்தார். கால்வாய் திறந்தது 1681 மே மாதத்தில். வாரிசுகளுக்கு மிஞ்சியது பெருங்கடன். லாபத்தைக் கண்ணால் பார்க்க அவர்களுக்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1996-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சமதளத்துக்கு எதற்கு மலைச் சைக்கிள்?

கால்வாய்க் கரை சமமாகத்தானே இருக்கும், அதற்கு எதற்குத் தடித்த டயரும் முன் ஷாக் அப்சார்பரும் என்று கேட்கலாம். துலூஸிலிருந்து முதல் ஐம்பது கிலோமீட்டர் வரை இந்தக் கேள்வி நியாயமே. அங்கே தார் போட்ட பாதை, குழந்தைகள்கூட ஓட்டலாம். ஓத் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் தார் முடிகிறது. படகு இழுத்த குதிரைகள் நடக்கப் போட்ட மண்கரை அப்படியே தொடர்கிறது. சில பகுதிகளைச் சரளை பரப்பிச் செப்பனிட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பிளாட்டேன் வேர்கள் தடத்தின் குறுக்கே புடைத்துக்கொண்டு கிடக்கும். சில இடங்களில் பாதை ஒரு டயர் அகலத்துக்குக் குறுகிவிடும். ஒருபக்கம் நாணல், மறுபக்கம் பச்சைத் தண்ணீர். மழை பெய்த மறுநாள் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய டயர் போட்ட சைக்கிளோடு வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

பஞ்சருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு வரப்புகளில் வெறுங்காலைப் பதம் பார்க்கும் நெருஞ்சி இங்கேயும் அதே செடிதான். கோடையில் பாதையோரம் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கும். இலையுதிர் காலத்தில் முள் காய்ந்து உதிரும். எந்தப் பக்கம் விழுந்தாலும் ஒரு முள் வானத்தைப் பார்க்கும் அமைப்பு அதற்கு. அதனால் இந்தப் பகுதியில் ஓட்டுகிறவர்கள் ட்யூப் இல்லாத டயருக்குள் ஓட்டையைத் தானே அடைக்கும் திரவத்தை ஊற்றிக்கொண்டு கிளம்புவது வழக்கம்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாதையைப் பற்றிப் பேச முடியாது. வடமேற்கிலிருந்து உலர்ந்து வீசும் காற்றை இங்கே செர்ஸ் என்கிறார்கள். ரோமானியர் அதை சிர்சியுஸ் என்று அழைத்தார்கள். பேரரசர் அகஸ்டஸ், இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய அன்றைய கால் நாட்டில் தங்கியிருந்தபோது இந்தக் காற்றுக்கு ஒரு கோயிலே எடுப்பித்தான் என்று செனெகா எழுதி வைத்திருக்கிறார். வானத்தைத் துடைத்து, கொடிகளின் ஈரத்தை உலர்த்தி, பூஞ்சை வராமல் காக்கிற காற்று என்பதால் விவசாயிகளுக்கு இதன் மேல் மரியாதை. கடலை நோக்கிப் போகிற சைக்கிளுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளும் நண்பன். எதிர்த்திசையில் வருகிறவருக்குச் சமதளமே மலையாகிவிடும். கடலிலிருந்து ஈரத்தோடு வீசும் மரேன் காற்று வந்தால் எல்லாம் தலைகீழ்.

மேட்டிலிருந்து கடலுக்கு இறங்க, கால்வாய் கதவுத் தொட்டிகளைப் பயன்படுத்துகிறது. படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடி, முன்மடையைத் திறந்து, நீர்மட்டத்தைத் தாழ்த்திப் படகை அடுத்த கட்டத்துக்கு விடுவார்கள். மற்ற நாடுகளில் இத்தொட்டிகள் நீள்சதுரம். இங்கே முட்டை வடிவம். தொடக்கத்தில் கட்டிய நேர்ச்சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. வளைந்த சுவர் ஒரு வளைவுப் பாலத்தைப் போல அந்த அழுத்தத்தை இருபுறமும் பகிர்ந்துகொள்ளும் என்று கண்டு வடிவத்தை மாற்றினார்கள். சைக்கிள்காரருக்கு ஒவ்வொரு தொட்டியும் ஒரு சின்னச் சறுக்கு, ஒரு நிழல், பெரும்பாலும் ஒரு தண்ணீர்க் குழாய்.

ஆர்ழான் கிராமத்திலிருந்து பெஸியே வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு தொட்டிகூட இல்லை. மேட்டின் உயரக்கோட்டைப் பிடித்துக்கொண்டு கால்வாய் வளைந்து வளைந்து போகிறது. நேராகப் போனால் கால்மணி நேரத்தில் எட்டும் ஊரை ஒரு மணி நேரம் கழித்துத் தொடும். அவசரக்காரருக்கு எரிச்சலாகும். ஆனால் முழுப் பாதையிலும் மனம் நிறைவது இங்கேதான். கீழே சமவெளி முழுக்கக் கொடி வரிசைகள், தெற்கே வானம் தெளிந்த நாளில் பிரெனீஸின் பனி, கையருகே சொமாய், கப்பெஸ்தாங் போன்ற துறைமுகக் கிராமங்கள். 1787 மே மாதத்தில், பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் இந்த வழியே போனார். தன் கோச்சு வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, வண்டியைப் படகில் ஏற்றிவைத்து, உள்ளே உட்கார்ந்து எழுதுவதும் அலுத்தால் கரையில் இறங்கி நடப்பதுமாகப் பயணம் செய்தார். சேன் ஃபெரியோல் அணை வரை போய் நீர் வரும் வழியைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

சுண்ணக்கல் மேடுகள்

கால்வாயிலிருந்து வடக்கே அரைமணி நேரம் மிதித்தால் உலகம் மாறிவிடும். கொடிகள் மெலிந்து, மண் சிவந்து, பிறகு மண்ணே மறைந்து வெண்சுண்ணக்கல் தலைதூக்கும். காரிக் என்று பெயர் பெற்ற புதர்க்காடு இது. தைம், ரோஸ்மேரி, காட்டு லாவெண்டர், ஜூனிப்பர். வெயில் ஏற ஏற அவற்றின் எண்ணெய் காற்றில் கலந்து மணக்கும். முழங்கால் உயர கெர்மீஸ் ஓக்கின் இலை விளிம்பில் முள். குறுகிய தடத்தில் வேகமாக இறங்கினால் கணுக்காலில் கோடு கோடாகக் கிழித்துவிடும். இந்தக் காடும் முழுக்க இயற்கை இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரம் வெட்டியும் ஆடு மேய்த்தும் பழைய ஓக் காடு சுருங்கி இப்படி ஆனது. ஆங்காங்கே சாந்து இல்லாமல் கல் மேல் கல் அடுக்கிக் கட்டிய வட்டக் குடில்கள் தென்படும். நிலத்தைப் பயிருக்குத் தயார்செய்தபோது பொறுக்கிய கற்களை உழவர்கள் இப்படி ஒதுங்கிடமாக அடுக்கினார்கள்.

மலைச் சைக்கிளின் உண்மையான சோதனை இங்கேதான். தளர்ந்து உருளும் கற்கள், படிக்கட்டு போன்ற பாறைத் தட்டுகள், மண் இல்லாத திருப்பங்கள். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து, இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ளி, பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கத் தெரிந்தவர் இறங்குவார். தெரியாதவர் தூக்கிக்கொண்டு நடப்பார். அதில் குறைவொன்றும் இல்லை. தடங்களில் முக்கோணமும் இரு வட்டங்களும் வரைந்த பலகைகள் வழிகாட்டுகின்றன. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினத்துக்கேற்ப நிறம் மாறும்.

மினெர்வுவா பகுதியின் மினெர்வ் கிராமம் இரு ஆற்றுப் பள்ளங்களுக்கு நடுவே ஒரு பாறை நாக்கின் மேல் அமர்ந்திருக்கிறது. கோடையில் செஸ் ஆறு வற்றிவிடும். அது குடைந்த இயற்கைச் சுரங்கங்களுக்குள் நடந்தே போகலாம். 1210-இல் சிமோன் து மோன்ஃபோரின் சிலுவைப் படை இந்த ஊரை முற்றுகையிட்டது. நீர் தீர்ந்து ஊர் பணிந்தபின், மதம் மாற மறுத்த கத்தார் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் சுமார் 140 பேரை உயிரோடு எரித்தார்கள். அழகான ஊர். ஓட்டிக் களைத்து வந்து காப்பி குடிக்கிற இடத்தில் இந்த நினைவு கனக்கத்தான் செய்யும்.

இன்னும் வடகிழக்கே சலகூ ஏரி. சுற்றிலும் இரத்தச் சிவப்பு மண், சிவப்பு மேடுகள். ஈரமானால் இந்தக் களி கியரையும் செயினையும் அடைத்துவிடும். காய்ந்திருந்தால் மலைச் சைக்கிளுக்கு இதைவிட நல்ல மைதானம் அரிது. ஏரியும் மனிதன் செய்ததே: 1960-களில் அணை கட்டித் தேக்கினார்கள். மத்திய பிரான்ஸின் மலைகளைக் குறுக்கே கடந்து சுமார் 1,400 கிலோமீட்டர் வரும் பெரும் மலைச் சைக்கிள் பாதை ஒன்று இப்பகுதி வழியாக இறங்கி, ஆக்த் முனையில் கடலைத் தொடுகிறது. மோர்வான் மேட்டில் தொடங்குகிறவர்கள் காடு, எரிமலை, பீடபூமி எல்லாம் தாண்டி வந்து முதல் திராட்சைக் கொடியைப் பார்க்கும்போது கடல் வந்துவிட்டது என்று அறிவார்கள்.

ஒரே குன்றில் இரண்டாயிரம் ஆண்டு

பெஸியேக்கு மேற்கே ஆன்செரூன் குன்று. இந்த வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்கி நிற்க நேரம் உண்டு என்றால் இங்கே நிற்க வேண்டும். குன்றின் உச்சியில் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் தொடங்கிய, ரோமானியருக்கு முந்திய குடியிருப்பின் எச்சங்கள். அடிவாரத்துக்கு அருகே, ரோமானியர் கி.மு. 118-இல் போடத் தொடங்கிய தொமீசியா நெடுஞ்சாலை. வடக்கே எட்டிப் பார்த்தால் மோன்தாதி: ஒரு காலத்தில் சதுப்பு ஏரி, 1247-இல் துறவிகளும் நிலவுடைமையாளரும் சேர்ந்து வடிக்கத் தொடங்கினார்கள். வாய்க்கால்கள் எல்லாம் நடுவில் ஒரு புள்ளியில் கூடுகின்றன. வயல்கள் வட்டத்தின் துண்டுகளாக விரிகின்றன. கூடிய நீர் குன்றின் அடியில் 1,300 மீட்டருக்கும் மேல் குடைந்த சுரங்கத்தால் மறுபுறம் போகிறது. இன்றும் போகிறது.

ரிக்கேயின் கால்வாய் இதே குன்றைச் சந்தித்தது. மால்பா என்னும் இடத்தில் மணற்கல் சரிந்துகொண்டே இருந்தது. எதிரிகள் பாரிஸுக்குப் புகார் அனுப்பினார்கள், வேலை நின்றது. விசாரணைக்கு ஆள் வருவதற்குள் கொத்தனார் ஒருவர் சில நாட்களில் குன்றைத் துளைத்து வழி காட்டிவிட்டார் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சுமார் 165 மீட்டர் நீளம். படகு போவதற்காகக் கால்வாயில் குடைந்த முதல் சுரங்கம் இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதையும் இதே குன்றை இன்னும் கீழே துளைத்தது. ஆக, ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று சுரங்கங்கள்: படகுக்கு, ரயிலுக்கு, ஏரித் தண்ணீருக்கு. சைக்கிள் குன்றின் மேலேறிப் போகிறது.

அங்கிருந்து பெஸியே நெருங்கும்போது ஃபோன்செரான். எட்டுத் தொட்டிகள் படிக்கட்டாக அடுக்கி, படகை 21 மீட்டருக்கும் மேல் இறக்குகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத இரு சகோதரர்கள் குத்தகை எடுத்துக் கட்டியது. பாறையில் சாய்வாக இறங்கும் இடத்தில், ஒவ்வொரு தொட்டியும் அடுத்ததோடு துல்லியமாகப் பொருந்தும்படி கைக்கணக்கில் வெட்டியிருக்கிறார்கள்.

கொடிக்கு நடந்த போராட்டம்

கால்வாய் வந்தபின் ஒயினுக்குச் சந்தை வந்தது. ரயில் வந்தபின் வெள்ளமாகப் பெருகியது. தெற்கின் மலிவான செந்நிற ஒயின் வடக்கின் தொழிற்சாலை நகரங்களுக்குப் பீப்பாய் பீப்பாயாகப் போயிற்று. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலோக்செரா என்னும் பூச்சி வேர்களை உறிஞ்சி பிரான்ஸின் தோட்டங்களைச் சூறையாடியது. மோன்பெலியே நகரின் ழூல் எமில் பிளான்ஷோன் 1868-இல் காரணத்தைக் கண்டறிந்தார். பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதே தீர்வாயிற்று. சைக்கிள் பாதையோரம் இன்று காணும் கொடிகளின் வேர் அநேகமாக அனைத்தும் அமெரிக்க வழித்தோன்றல்.

ஒட்டுக்கட்டி மீண்ட விவசாயியை அடுத்து விலைவீழ்ச்சி அடித்தது. சர்க்கரையும் தண்ணீரும் கலந்து ‘ஒயின்’ என்று விற்றவர்களால் உண்மையான ஒயினுக்கு விலை இல்லாமல் போனது. 1907 மார்ச் 11 அன்று, கால்வாய்க்கு அருகே உள்ள அர்ஜெலியே கிராமத்திலிருந்து 87 பேர் நார்போன் நகருக்கு நடந்தார்கள். முன்னே நடந்தவர் மார்செலேன் ஆல்பேர். கொடி வளர்ப்பவர், சிறு கஃபே நடத்தியவர். ஜூன் 9-இல் மோன்பெலியேயில் திரண்ட கூட்டம் 5 லட்சம் என்று கணித்தார்கள். அரசு படையை அனுப்பியது. நார்போனில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17-ஆவது காலாட்படைப் பிரிவின் சிப்பாய்கள் கலகம் செய்து, துப்பாக்கியைத் தலைகீழாகத் தோளில் சாய்த்துக்கொண்டு பெஸியேக்கு வந்து சேர்ந்தார்கள். ஆல்பேர் பாரிஸ் போய்ப் பிரதமர் கிளெமான்சோவைச் சந்தித்தார். திரும்பும் ரயில் செலவுக்கென்று கிளெமான்சோ 100 ஃபிராங்க் கொடுத்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகைகளுக்கும் தெரியவிட்டார். சொந்த ஜனங்களே ஆல்பேரை விலைபோனவராகப் பார்த்தார்கள். போராட்டம் கலப்படத்துக்கு எதிரான சட்டத்தைப் பெற்றுத் தந்தது. தலைவன் வறுமையில் இறந்தான். இன்று அர்ஜெலியேயைக் கடக்கும் சைக்கிள்களில் பத்தில் ஒன்றாவது கால்வாயை விட்டு ஊருக்குள் திரும்பினால் நல்லது.

அந்தக் காலம் விட்டுச்சென்ற இன்னொரு சொத்து, கிராமத்துக் கூட்டுறவு ஒயின் கூடங்கள். பெஸியே அருகே மரோசான் கிராமத்தில் 1901-இல் தொடங்கிய கூட்டுறவு இந்தப் பகுதிக்கு முன்னோடி. கரையோரக் கிராமங்களில் பிரம்மாண்டமான கற்கட்டடங்களாக அவை நிற்கின்றன. சைக்கிளைச் சாய்த்துவிட்டு உள்ளே போய்ச் சுவைக்கலாம், வாங்கலாம்.

வெந்த ஜூன், எரிந்த ஆகஸ்ட்

2019 ஜூன் 28 அன்று எரோ மாவட்டத்தின் வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. பிரான்ஸில் அதுவரை அளந்த வெப்பத்தில் அதுவே உச்சம். தோட்டங்களில் இலையும் பிஞ்சும் நெருப்பில் காட்டியதுபோல் கருகின. மழையும் குறைந்தது, செந்நிற ஒயின் குடிப்பவர்களும் பிரான்ஸில் குறைந்துகொண்டே வருகிறார்கள். தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் கொடியைப் பிடுங்க, அரசு ஹெக்டேருக்கு 4,000 யூரோ தந்திருக்கிறது. ஓத் மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் வேரோடு குவித்துவைத்த கொடிக் கட்டைகளை வழிநெடுகப் பார்க்கிறார்கள்.

பிடுங்கிய நிலம் சும்மா இருப்பதில்லை. புல்லும் புதரும் ஏறும். கோடையில் காய்ந்து சருகாகும். பச்சைக் கொடியும் உழுத மண்ணும் காட்டுத்தீயைத் தடுத்து நிறுத்தும் வரப்பாக இருந்தன. 2025 ஆகஸ்ட் 5 அன்று கோர்பியேர் மலைகளில் பற்றிய தீ சுமார் 16,000 ஹெக்டேரைத் தின்றது. ஒரு பெண் இறந்தார், வீடுகள் எரிந்தன. கொடிகள் இருந்த இடத்தில் தீ தயங்கியது, கைவிட்ட இடத்தில் பாய்ந்தது என்று விவசாயிகள் சொன்னார்கள். பயணிகள் ரசிக்கும் அந்த வரிசைகள் ஊரைக் காக்கும் அரணும்கூட. அந்த உழைப்புக்கு யார் விலை கொடுப்பது என்பது திராட்சை விலையோடு மட்டும் தீராத கேள்வி.

ஆகவே இந்த நிலத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர் பிறருடைய வேலைக்களத்தில் ஓட்டுகிறார். கொடி வரிசைகளுக்கு நடுவே இறங்கக் கூடாது. மருந்தடிக்கும் டிராக்டர் தெரிந்தால் தள்ளி நிற்க வேண்டும். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அறுவடை. வெயிலுக்கு அஞ்சி இயந்திரங்கள் இரவிலும் விடியலிலும் ஓடும், ஏற்றிய டிரெய்லர்கள் குறுக்கே வரும். காற்றும் வறட்சியும் கூடிய நாட்களில் நிர்வாகம் காட்டுத் தடங்களை மூடிவிடும். புறப்படும் முன் அன்றைய அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். இலையுதிர் காலத்தில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். எச்சரிக்கைப் பலகை வைத்த தடத்தில் திரும்பிவிடுவதே அறிவு. ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் ஆகியவை ஏற்ற மாதங்கள். ஜூலையில் வருகிறவர் பொழுது விடியும் முன் கிளம்பி நண்பகலுக்குள் நிழல் சேர வேண்டும்.

கால்வாய் மார்செயான் அருகே தோ உப்பங்கழியில் கலக்கிறது. எதிர்க்கரையில் பூஸீக்கின் சிப்பி வளர்ப்புச் சட்டங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். இக்கரையில் பிக்பூல் என்ற வெண்திராட்சை. அதன் ஒயின் சிப்பிக்கென்றே பிறந்தது என்பார்கள். 2018 கோடையில் உப்பங்கழியின் நீர் சூடேறி ஆக்சிஜன் தீர்ந்து, சிப்பிகள் பெருமளவில் செத்தன.

இங்கிருந்து செத் துறைமுகம் வரை ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவே ஒரு மணல் வரப்பு. கடற்கரையை ஒட்டி ஓடிய கார் சாலையை, அலை அரித்துக்கொண்டே வந்ததால், பெயர்த்து உள்ளே தள்ளிப் போட்டார்கள். மணல்மேடுகளை மீண்டும் எழுப்பினார்கள். சைக்கிளுக்கும் பாதை தந்தார்கள். மார்செயான் கடற்கரையின் மணலில் வஸ்ஸால் தோட்டம் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து சேர்த்த 2,500-க்கும் மேற்பட்ட திராட்சை ரகங்களை பிரான்ஸின் வேளாண் ஆய்வு நிறுவனம் 1949 முதல் இங்கே காத்து வருகிறது. ஃபைலோக்செரா மணலில் வாழாது என்பதால் இந்தக் கொடிகள் ஒட்டு இல்லாமல் சொந்த வேரில் நிற்கின்றன. ஆனால் கடல் உயர்கிறது, நிலத்தடியில் உப்பு ஏறுகிறது. அதனால் ஒவ்வொரு ரகமாகத் துண்டு எடுத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து, நார்போன் பக்கம் குருய்சான் நிலத்துக்கு மாற்றும் வேலை நடக்கிறது.